தசை மின்சாரத்தைக் கணினி படித்தால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் கோலாலம்பூரில் தசை (ஈஎம்ஜி), நரம்பு மின்பதிவுகளை ஆராயும் மென்பொருள் எழுதுகிற பொறியாளர், மருத்துவர் அல்ல. பதிவு எடுக்கும் நரம்பியல் மருத்துவர்களின் பக்கத்தில் அமர்ந்து வேலை செய்கிறேன். பிரிக்பீல்ட்ஸ், செந்தூல் பக்கம் உறவினர்களும் நண்பர்களும் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றாகவே இருப்பதால் இங்கே தொகுத்திருக்கிறேன். உங்கள் உடம்புக்கான முடிவை உங்கள் மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

தசையில் மின்சாரம் இருக்கிறது என்கிறீர்களே, அது எங்கிருந்து வருகிறது?

தசை நார் ஒவ்வொன்றையும் ஒரு மெல்லிய சவ்வு மூடியிருக்கிறது. சவ்வுக்கு உள்ளேயும் வெளியேயும் சோடியம், பொட்டாசியம் அயனிகள் ஏற்றத்தாழ்வாகப் பிரிந்து கிடப்பதால், தசை ஓய்வாக இருக்கும்போது இரு பக்கத்துக்கும் இடையே 80 முதல் 90 மில்லிவோல்ட் வரை மின்னழுத்த வேறுபாடு இருக்கும். நரம்பிலிருந்து கட்டளை வந்ததும் அந்த வேறுபாடு சில மில்லிநொடிகளுக்குள் தலைகீழாகப் புரண்டு பழைய நிலைக்குத் திரும்புகிறது. அந்தப் புரளல் நார் நெடுக ஓடும்போதுதான் தசை சுருங்குகிறது. நாம் பதிவு செய்வது அந்த ஓட்டத்தை.

இயக்க அலகு என்ற ஒரு சொல்லை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். தண்டுவடத்திலோ மூளைத்தண்டிலோ உள்ள ஒரு நரம்பணு, அதிலிருந்து நீளும் இழை, அந்த இழை கிளைத்துப்போய்த் தொடும் எல்லாத் தசை நார்களும் சேர்ந்து ஓர் இயக்க அலகு. கண்ணை அசைக்கும் தசைகளில் ஓர் அலகுக்குச் சில நார்களே இருக்கும்; கெண்டைக்கால் தசையில் ஆயிரத்துக்கும் மேல் இருக்கும். நரம்பணு உத்தரவிட்டால் அதன் நார்கள் எல்லாம் ஏறத்தாழ ஒரே நேரத்தில் சுருங்கும். கீழே வரும் பதில்களுக்கெல்லாம் இதுதான் அடிப்படை.

ஈசிஜி மாதிரிதானே இந்த ஈஎம்ஜியும்?

அடிப்படை இயற்பியல் ஒன்றுதான். ஆனால் இதயம் தானாகத் துடிக்கிறது, நெஞ்சில் வில்லைகளை ஒட்டினாலே போதும். இங்கே நோயாளி தசையை முறுக்க வேண்டும், மருத்துவர் தசைக்குள் செலுத்திய ஊசியை இடம் மாற்றி மாற்றித் தேட வேண்டும். ஊசி முனையைச் சுற்றியுள்ள சில மில்லிமீட்டர் இடத்தின் கதை மட்டும்தான் ஒரு நேரத்தில் கிடைக்கும். எந்தத் தசையில், எந்த ஆழத்தில் எடுத்தார்கள் என்பதே பாதி முடிவு. கணினியைப் பற்றிப் பேசும்போது பலரும் இதை மறந்துவிடுகிறார்கள்.

ஊசி குத்தி கரண்ட் வைப்பார்களாமே, அம்மா பயப்படுகிறார். வலிக்குமா?

உங்கள் கேள்வியில் இரண்டு சோதனைகள் சேர்ந்து ஒன்றாகிவிட்டன. முதலாவது நரம்புக் கடத்தல் சோதனை: தோலின் மேல் வில்லைகளை ஒட்டி, நரம்பு ஓடும் இடத்தில் சிறு மின் அதிர்வு கொடுத்து, செய்தி எவ்வளவு வேகத்தில் போய்ச் சேருகிறது என்று அளப்பார்கள். சுளீர் என்று இருக்கும், உடனே அடங்கிவிடும். இரண்டாவதுதான் ஈஎம்ஜி: மெல்லிய ஊசியைத் தசைக்குள் செலுத்துவார்கள். அந்த ஊசி வழியாகக் கரண்ட் எதுவும் போவதில்லை. அது கேட்க மட்டுமே செய்கிறது. குத்தும்போது வலி இருக்கும், சோதித்த இடம் ஓரிரு நாள் கன்றிப்போயிருக்கலாம்.

அம்மாவிடம் சொல்லுங்கள்: அன்று காலை குளித்துவிட்டுப் போக வேண்டும், கைகால்களில் எண்ணெயோ களிம்போ தடவக் கூடாது. வார்ஃபரின் போன்ற இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து சாப்பிட்டாலோ, நெஞ்சில் பேஸ்மேக்கர் இருந்தாலோ முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். எந்த மருந்தையும் தானாக நிறுத்தக் கூடாது.

அந்த ஊசியை வைத்து மருத்துவர் என்னதான் பார்க்கிறார்?

பார்ப்பதோடு கேட்கவும் செய்கிறார். 1929இல் உடலியல் ஆய்வாளர்கள் ஏட்ரியனும் பிராங்க்கும் குழல் ஊசியை அறிமுகப்படுத்தியபோதே ஒலிபெருக்கியையும் சேர்த்துப் பயன்படுத்தினார்கள். இன்றும் சோதனை அறையில் அந்த ஒலி உண்டு. முதலில் தசையைத் தளர்வாக விடச் சொல்வார்கள். நலமான தசை ஓய்வில் அமைதியாக இருக்கும். நரம்புத் தொடர்பை இழந்த நார்கள் தாமாகவே சீரான இடைவெளியில் டிக் டிக் என்று துடிக்கும். இதற்கு ஃபைப்ரிலேஷன் என்று பெயர். ஓர் அலகு முழுவதும் ஒழுங்கில்லாமல் எப்போதாவது ஒருமுறை துடித்தால் அது ஃபாசிகுலேஷன். முறுக்கிய தசை எளிதில் தளராத மையோடோனியா வகை நோய்களில் ஒலி ஏறி இறங்கும், ஒருமுறை கேட்டவர்கள் மறக்க மாட்டார்கள்.

அடுத்து, மெல்ல முறுக்கச் சொல்லி ஒவ்வோர் அலகின் அலையையும் அளப்பார்கள். நலமான அலை பெரும்பாலும் 5 முதல் 15 மில்லிநொடி நீளம் இருக்கும். நரம்பு பழுதானால் சில அலகுகள் அழிந்துபோகும். அவற்றின் அனாதையான நார்களுக்குப் பக்கத்து நரம்புகள் புதுக்கிளை விட்டு அவற்றைத் தம்மோடு சேர்த்துக்கொள்ளும். அதனால் மிஞ்சிய அலகுகள் பெரிதாகின்றன: அலைகள் உயரமாகவும் நீளமாகவும் வரும், எண்ணிக்கை மட்டும் குறைவு. தசையே பழுதானால் ஒவ்வோர் அலகிலும் நார்கள் குறையும். அலைகள் குட்டையாக, குறுகலாக, பல மடிப்புகளோடு வரும். சிறு வேலைக்குக்கூட நிறைய அலகுகள் முந்திக்கொண்டு வந்து நிற்கும்.

கடைசியாக, முழு பலத்தோடு முறுக்கச் சொல்வார்கள். நலமானவர்களிடம் அலைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறித் திரை முழுவதையும் நிரப்பிவிடும். நரம்புநோயில் இடையிடையே வெற்றிடம் தெரியும். தசைநோயில் திரை நிரம்பும், உயரம் இருக்காது. நரம்புநோயா தசைநோயா என்ற கேள்விக்கான விடை பெரும்பாலும் இந்த மூன்று கட்டங்களிலிருந்தே வருகிறது.

மருத்துவருக்கே தெரிகிறதென்றால் கணினி எதற்கு?

தெளிவான நோயைத் தேர்ந்த மருத்துவர் சில நிமிடங்களில் சொல்லிவிடுவார். எல்லைக்கோட்டில் நிற்கும் பதிவுகள்தான் தொல்லை. ஒரே பதிவைப் பார்த்து அனுபவசாலிகள் இருவர் வேறுபடுவதுண்டு. “சற்றுப் பெரியது”, “கொஞ்சம் குறைவு” என்ற சொற்களுக்கு ஆளுக்கு ஓர் அளவுகோல். இதைத் தீர்க்கத்தான் டென்மார்க்கின் கோபன்ஹேகனில் புக்தால் குழுவினர் ஒவ்வொரு தசையிலும் குறைந்தது 20 அலகுகளை அளந்து சராசரி எடுக்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். நேர்மையான முறைதான், ஆனால் கையால் செய்தால் பொறுமையைச் சோதிக்கும். அந்தச் சலிப்பூட்டும் அளவீட்டைக் கணினி களைப்பில்லாமல் செய்யும்.

இன்னொரு காரணம் ஆள் பற்றாக்குறை. ஈஎம்ஜியில் தேர்ச்சிபெற்றவர்கள் பெரும்பாலும் பெருநகர மருத்துவமனைகளில்தான் இருக்கிறார்கள். கோலாலம்பூர் பொது மருத்துவமனைக்கோ மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்கோ வர முடிந்தவர்களின் நிலை வேறு. உட்புறச் சிற்றூரில் இருப்பவர் பரிந்துரைக் கடிதத்தை வைத்துக்கொண்டு காத்திருக்கிறார். யாரை அவசரமாக அனுப்ப வேண்டும் என்று பிரித்துச் சொல்ல உதவும் கருவி வந்தால், பயன் முதலில் அவருக்குத்தான் போய்ச் சேர வேண்டும். நான் இந்த வேலையை விடாமல் செய்வதும் அதற்காகத்தான்.

கணினி இதை எப்படிப் புரிந்துகொள்கிறது?

முதலில் சுத்தம் செய்கிறது. நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அந்த இரைச்சல் பதிவில் எளிதில் ஒட்டிக்கொள்ளும். பிறகு, கலந்து கிடக்கும் அலைகளைப் பிரித்தெடுக்கிறது. தைப்பூசத்தன்று பத்துமலை அடிவாரத்தில் பல உறுமி மேளக் குழுக்கள் ஒரே நேரத்தில் அடிக்கும்போது ஒரு குழுவின் தாளத்தை மட்டும் காதால் பின்தொடர்வதைப் போன்ற வேலை இது. ஒவ்வோர் அலகின் அலைக்கும் தனி வடிவமும், அது திரும்பத் திரும்ப வரும் ஓர் இடைவெளியும் உண்டு. அவ்விரண்டையும் பிடித்துக்கொண்டு கணினி அலகுகளைத் தனித்தனியே அடுக்குகிறது.

பிறகு அளவுகள்: உயரம், நீளம், மடிப்புகள், பரப்பு, அதிர்வெண் பரவல். முன்பே நோய் உறுதியானவர்களின் அளவுகளைக் காட்டிப் பழக்கிய நிரல், புதிய பதிவு எந்தக் கூட்டத்தோடு சேருகிறது என்று சொல்லும். அண்மைக்காலத்து ஆழ்கற்றல் முறைகளில் எதை அளப்பது என்று நாம் சொல்வதே இல்லை; அலையையோ, அதை நிறப்படமாக மாற்றியோ கொடுத்தால் வேறுபாட்டை அது தானே தேடிக்கொள்ளும். ஆற்றல் அதிகம். ஆனால் எதைப் பார்த்து முடிவெடுத்தது என்று கேட்டால் தெளிவான பதில் கிடைப்பதில்லை.

இது செயற்கை நுண்ணறிவு வந்த பிறகு வந்த புதுமைதானே?

இல்லை. 1964இலேயே வில்லிசன் என்பவர், அலை எத்தனை முறை திசை திரும்புகிறது, ஒவ்வொரு முறையும் எவ்வளவு உயர்கிறது என்று எண்ணும் முறையை வெளியிட்டார். 1980களில் டென்மார்க்கில் முனின் என்ற நிபுணத்துவ நிரல் உருவானது. நோய், அதன் விளைவு, ஊசியில் தெரியும் மாற்றம் ஆகியவற்றை நிகழ்தகவுகளால் இணைத்துக் காரணம் தேடிய முன்னோடி அது. 1990களில் சைப்ரஸைச் சேர்ந்த பட்டிகிஸ் குழுவினர் மூளையின் நரம்பணு வலையைப் போல அமைத்த நியூரல் நெட்வொர்க் நிரல்களைக் கொண்டு இயக்க அலகுகளை வகைப்படுத்தினார்கள். இவ்வளவு நீண்ட உழைப்புக்குப் பிறகும் கேள்வி முழுமையாகத் தீரவில்லை என்பதே இது எவ்வளவு கடினம் என்று காட்டுகிறது.

99 சதவீதம் சரியாகச் சொல்கிறது என்று படித்தேன். பிறகு ஏன் எல்லா மருத்துவமனையிலும் இல்லை?

எனக்கு வரும் கேள்விகளில் இதுதான் முக்கியமானது. ஆராய்ச்சிக் கட்டுரைகள் பலவும் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் பொதுத் தரவு ஒன்று உண்டு: கோபன்ஹேகனில் நிக்கோலிச் என்ற ஆய்வாளர் தொகுத்து 2001இல் வந்தது. அதில் நலமானவர்கள் 10 பேர், தசைநோயாளிகள் 7 பேர், இயக்க நரம்பணுக்கள் அழிந்துவரும் ஏஎல்எஸ் நோயாளிகள் 8 பேர். அருமையான தொகுப்பு, இலவசமாகக் கொடுத்தவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். ஆனால் மொத்தமே 25 பேர். அவர்களின் பதிவுகளை நூற்றுக்கணக்கான துண்டுகளாக வெட்டி, பாதியை நிரலுக்குக் கற்றுக்கொடுத்து, மீதியில் சோதித்தால், ஒரே ஆளின் துண்டுகள் இரு பக்கமும் விழுந்துவிடும். நிரல் நோயைக் கற்காமல் ஆளை அடையாளம் காணக் கற்றுக்கொள்ளும். நோயாளிகளையே முழுதாகப் பிரித்து, பார்க்காத ஆளிடம் சோதித்தால் சதவீதம் இறங்கிவிடுகிறது. ஒரு கட்டுரையைப் படித்தால் சதவீதத்துக்கு முன்னால், நோயாளிகளை இப்படி முழுதாகப் பிரித்தார்களா என்று தேடுங்கள்.

அடுத்த சிக்கல் வெறும் கணக்கு. நோயாளியையும் நலமானவரையும் 95 சதவீதம் சரியாகச் சொல்லும் கருவி இருக்கிறது என்று வையுங்கள். சோதனைக்கு வரும் 1000 பேரில் 20 பேருக்கு மட்டும் அந்த நோய். கருவி 19 பேரைப் பிடித்துவிடும். மீதி 980 பேரில் 5 சதவீதம், அதாவது 49 பேரையும் நோயாளி என்று சொல்லிவிடும். எச்சரிக்கை பெற்ற 68 பேரில் உண்மையில் நோயுள்ளவர்கள் 19 பேர்தான். மீதிப் பேரின் வீட்டில் அன்றிரவு யாரும் தூங்க மாட்டார்கள்.

மூன்றாவதாக, நிஜ வாழ்க்கையில் நோய்கள் மூன்று கூடைகளில் பிரிந்து வருவதில்லை. கழுத்தெலும்புத் தேய்வு, இனிப்புநீர், மணிக்கட்டில் நரம்பு நெருக்கம் என மூன்றும் ஒரே ஆளிடம் சேர்ந்தே இருக்கக்கூடும்.

அப்படியானால் இன்று எங்கேதான் உண்மையில் உதவுகிறது?

அளவீட்டில். நரம்புக் கடத்தல் சோதனையில் அலை தொடங்கும் புள்ளியைத் தானே குறிப்பது, மேலே சொன்ன 20 அலகுகளைப் பிரித்துச் சராசரி போடுவது, அடுத்தடுத்த துடிப்புகளின் நேரத் தடுமாற்றத்தைக் கணக்கிடுவது ஆகியவை எல்லாம் நவீனக் கருவிகளில் வழக்கமாகிவிட்டன. ஓய்விலிருக்கும் தசையின் ஒலியைக் கேட்டு ஃபைப்ரிலேஷனை அடையாளம் காட்டும் ஆய்வுகளும் நம்பிக்கை தருகின்றன. நோயின் பெயரைச் சொல்லும் வேலை இன்னும் மருத்துவருடையதுதான்.

காலையில் நன்றாக இருக்கிறார், மாலையானால் இமை தொங்குகிறது. இதையும் ஈஎம்ஜி காட்டுமா?

சாதாரண ஊசிச் சோதனையில் தவறிவிடலாம். நீங்கள் சொல்வது மையஸ்தீனியா கிராவிஸ் என்ற நோயை நினைவூட்டுகிறது. அதில் நரம்பும் தசையும் சந்திக்கும் இடத்தில்தான் பழுது. நரம்பை நொடிக்கு 2 அல்லது 3 முறை தூண்டி, தசையின் பதில் படிப்படியாகக் குறைகிறதா என்று பார்ப்பார்கள். 10 சதவீதத்துக்கு மேல் குறைந்தால் சந்தேகம் வலுக்கும். இன்னும் நுட்பமானது, 1960களில் ஸ்வீடனின் உப்சாலாவில் எக்ஸ்டெட்டும் ஸ்டால்பெர்க்கும் வளர்த்தெடுத்த ஒற்றை நார் ஈஎம்ஜி. நேரத் தடுமாற்றத்தை மைக்ரோநொடிக் கணக்கில் அளக்கும் அந்த முறைக்குக் கணினி உண்மையிலேயே துணை. மூச்சு விடவோ விழுங்கவோ சிரமம் இருந்தால் சோதனைத் தேதிக்குக் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

கண்ணிமையும் கெண்டைக்காலும் துடித்துக்கொண்டே இருக்கின்றன. இணையத்தில் ஏஎல்எஸ் என்று போட்டிருக்கிறது. உண்மையா அண்ணே?

தூக்கக் குறைவு, கவலை, காப்பி, கடும் உடற்பயிற்சி எல்லாமே துடிப்பைக் கொண்டுவரும். துடிப்பு மட்டும் இருந்து பலம் குறையாமல், தசை மெலியாமல் இருந்தால் அது பெரும்பாலும் தீங்கில்லாதது. மருத்துவர் தேடுவது வேறு: சட்டைப் பொத்தான் போட முடியவில்லை, கால் விரல் தடுக்கி விழுகிறது, பேச்சு குழறுகிறது, கட்டைவிரலின் அடிச் சதை வற்றுகிறது என்பன போன்ற மாற்றங்கள். இவற்றில் ஒன்று இருந்தாலும் தாமதிக்காதீர்கள். எதுவும் இல்லையென்றால், மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிட்டு நிம்மதியாக இருங்கள் தம்பி.

கையில் பட்டை மாட்டினால் வீட்டிலேயே தெரிந்துவிடும் என்று விற்கிறார்களே?

தோலும் அடியிலுள்ள கொழுப்பும் அலையின் நுட்பமான பகுதிகளை வடிகட்டிவிடும். ஒற்றை நாரின் ஃபைப்ரிலேஷன் தோலுக்கு மேல் வருவதே இல்லை. செயற்கைக் கையை இயக்கவும், பக்கவாதத்துக்குப் பிந்தைய பயிற்சிக்கும் தோல்மேல் பதிவு மிக நல்லது. நெருக்கமாக அடுக்கிய பல மின்முனைகளைக் கொண்டு அலகுகளைப் பிரிக்கும் ஆய்வுகளும் வேகமாக முன்னேறுகின்றன. இன்றைய கடைப் பட்டையை நம்பி நோயை முடிவு செய்ய வேண்டாம்.

அப்பாவுக்கு இனிப்புநீர். பாதம் மரத்துப்போகிறது, எரிகிறது. கணினிச் சோதனை எடுக்கலாமா?

முதலில் அரசாங்கக் கிளினிக்கிலேயே பாதத்தைச் சோதிக்கச் சொல்லுங்கள். தொடு உணர்வைச் சோதிக்கும் மெல்லிய நைலான் இழையும் அதிர்வுக்கவையும் போதும். எரிச்சல், குத்தல் ஆகியவற்றை உணர்த்தும் மெல்லிய நரம்புகளை நரம்புக் கடத்தல் சோதனை அளப்பதில்லை. அறிக்கை சரியாக வந்தாலும் அப்பா சொல்லும் எரிச்சல் பொய்யாகிவிடாது.

2019ஆம் ஆண்டு தேசிய ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 சதவீதத்தினருக்கு இனிப்புநீர். நம் சமூகத்தில் அது மற்றவர்களைவிட அதிகம். ஆகவே, நலமான இளம் ஐரோப்பியர்களை வைத்துப் பழக்கிய நிரல் அறுபது வயதுத் தமிழரின் காலை “அசாதாரணம்” என்று சொன்னால், எதோடு ஒப்பிட்டு அசாதாரணம் என்று கேட்பது நம் உரிமை. வயது, உயரம், இங்குள்ள மக்களின் அளவுகள் எல்லாம் சேராமல் அந்த முடிவுக்குப் பொருளில்லை.

மருத்துவமனை ஏர்கோன் குளிர் முடிவை மாற்றிவிடுமா?

மாற்றும். கை குளிர்ந்தால் ஒவ்வொரு டிகிரிக்கும் நரம்பின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 2 மீட்டர் குறையும். நலமான கை நோயுற்றதுபோல் தெரியும். அதனால்தான் கையை 32 டிகிரிக்குக் கீழே போகாமல் வைத்திருக்கிறார்கள். குளிர்ந்திருந்தால் சூடுபடுத்தச் சொல்லிக் கேளுங்கள், யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.

பையன் அடிக்கடி விழுகிறான், தரையிலிருந்து எழத் தொடையில் கை ஊன்றுகிறான். ஈஎம்ஜி எடுக்க வேண்டுமா?

உடனே குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். டூஷேன் தசைச்சிதைவு என்று சந்தேகித்தால் முதலில் இரத்தத்தில் சிகே (சிதையும் தசையிலிருந்து கசியும் ஒரு நொதி) அளவு, பிறகு மரபணுச் சோதனை. ஊசி இல்லாமலே பெரும்பாலும் உறுதியாகிவிடும்.

ஈஎம்ஜி நார்மல் என்றால் நோயே இல்லை என்றுதானே அர்த்தம்?

அப்படி எடுத்துக்கொள்ளக் கூடாது. நரம்பு அறுபட்டதும் ஃபைப்ரிலேஷன் வந்துவிடாது. தோன்ற 2, 3 வாரம் ஆகும். விபத்து நடந்த மறுநாள் எடுத்தால் ஊசி அமைதியாகவே இருக்கும். ஸ்டீராய்டு மருந்தால் வரும் தசைநோய் பெரும் பலத்துக்கு மட்டும் அழைக்கப்படும் நார்களைத் தாக்குகிறது. மெல்ல முறுக்கும்போது அவை வருவதில்லை, பதிவு சரியாகத் தெரியும். மையஸ்தீனியா பற்றி மேலே சொல்லிவிட்டேன். கணினி இந்தப் பதிவுகளை எத்தனை முறை படித்தாலும் இல்லாததைக் காட்ட முடியாது.

இத்தகைய மென்பொருளுக்கு மலேசியாவில் சட்டம் இருக்கிறதா? பதிவுகள் யாருக்குப் போகின்றன?

நோயைக் கண்டறியப் பயன்படும் மென்பொருளும் 2012ஆம் ஆண்டின் மருத்துவக் கருவிகள் சட்டத்துக்குள் வருகிறது. மருத்துவக் கருவிகள் ஆணையத்தில் பதிவு செய்துதான் விற்க வேண்டும். தனியார் மருத்துவமனைகளிடம் உள்ள உங்கள் பதிவுகளுக்கு 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பொருந்தும். அது கூட்டரசு, மாநில அரசுகளுக்குப் பொருந்தாது. ஆகவே அரசு மருத்துவமனையில் ஆராய்ச்சிக்கு ஒப்புதல் கேட்டால், படிவத்தைப் படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். ஒப்புதல் கொடுங்கள் என்பதே என் விருப்பம்: நம் மக்களின் பதிவுகள் இல்லாத தரவில் பழகிய கருவி நமக்குச் சரியாக வேலை செய்யாது.

கணினி ஒன்று சொல்கிறது, மருத்துவர் வேறு சொல்கிறார். யாரை நம்புவது?

கணினியிடம் இருப்பது ஊசி நின்ற இடத்தின் அலை மட்டும். மருத்துவர் உங்களை நடக்கவிட்டுப் பார்த்திருக்கிறார், முழங்காலில் தட்டிப் பார்த்திருக்கிறார், உங்கள் அண்ணனுக்கும் இப்படி வந்ததா என்று கேட்டிருக்கிறார். அதனால் என் மதிப்பு அவருக்குத்தான். ஆனால் முரண்பாட்டைக் குப்பையில் போடவும் கூடாது. எந்தத் தசையில் எடுத்தது, கை சூடாக இருந்ததா, எத்தனை அலகுகள் அளந்தார்கள், எந்த வயதினரோடு ஒப்பிட்டார்கள் என்று கேளுங்கள். பல நேரம் விடை அங்கேயே கிடைத்துவிடும்.

கிடைக்காவிட்டால் சில வாரமோ மாதமோ கழித்து அதே தசையை மறுபடி சோதிப்பார்கள். அப்போது ஒப்பிட முதல் அறிக்கையின் நகல் தேவைப்படும். முடிந்தால் பதிவின் மின்னணுக் கோப்பையும் கேட்டு வாங்கி வைத்திருங்கள்.